வயரைப் பிடுங்கினாலும் நிற்காத பாட்டு

குணா அண்ணன் வாசிப்பை நிறுத்தாமலேயே அதைச் செய்தார்.

தோளில் தொங்கிய உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துக்கொண்டே என் மேசைப் பக்கம் நகர்ந்து வந்தார். கீழே கிடந்த கறுப்பு வயரைக் கால் விரல்களுக்கிடையில் கவ்விக்கொண்டார். ஓர் உதறல்.

சுவரோரமாக நான் நிறுத்தியிருந்த எட்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

மடிக்கணினித் திரையில் அலைகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சத்தம்தான் இல்லை. உறுமி மட்டும் தனியாகக் கொஞ்சம் முனகிவிட்டு அதுவும் ஓய்ந்தது. மேலே காற்றாடி சுற்றியது. கீழே சாப்பாட்டுக் கடையில் யாரோ தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய தேநீர், கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

குணா அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. உறுமியைத் துணி உறைக்குள் போட்டார், செருப்பை மாட்டினார், படி இறங்கிப் போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

என் தோழி ஃபரிதா வயரை எடுத்து மறுபடியும் செருகினாள். "அவரு சொன்னததான செஞ்சாரு" என்றாள்.

உண்மைதான். சொல்லிவிட்டுத்தான் செய்தார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கைதட்டிவிட்டார்கள்

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு: நான் கணினியில் இசை அமைப்பவள். பாட்டுப் போடுகிறவள் இல்லை. மேடையில் ஒருவர் வாசிக்கும்போது அந்தச் சத்தத்தை மைக் வழியாக வாங்கி, நீட்டி, மடித்து, அறையைச் சுற்றி ஓடவிட்டு, அவருக்கே பதிலாகத் திருப்பிக் கொடுக்கிற நிரலை எழுதுகிறேன். எங்கள் ஊர் ஈப்போவில் இதைச் சொன்னால் முதலில் "டீஜேயா?" என்று கேட்பார்கள். கோயில் அன்னதான வரிசையில் நின்றபடி இதை விளக்கப் பலமுறை முயன்று, கடைசியில் "ஆமாம், டீஜேதான்" என்று ஒப்புக்கொண்டு சாம்பார் வாங்கிப் போயிருக்கிறேன்.

குணா அண்ணன் உறுமி மேளக் குழு நடத்துகிறவர். வாரத்தில் டேங்கர் லாரி ஓட்டி லூமுட் பக்கம் போய் வருவார். வாரக் கடைசியில் திருவிழா, கல்யாணம், திறப்பு விழா. அவர் உறுமியைத் தேய்த்தால் அந்த முனகல் நெஞ்சுக்குள் இறங்கி வயிற்றில் போய் உட்காரும். அந்தச் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பேராசை. அவரைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று.

தீபாவளியை ஒட்டி ஈப்போவில் ஒரு மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. அவருடைய குழு முழுக்க வந்திருந்தது. மேளம் உச்சத்துக்குப் போய் ஒரே வெட்டில் நிற்கும். அதன்பின் கணினி மட்டும் உறுமியின் முனகலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தேய்ந்து, ஏறத்தாழ ஒன்றுமே இல்லாத இடம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வளரும். ஒத்திகையில் அந்த இடத்தில் குழுப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அன்றைக்கு மேளம் வெட்டி நின்றது. முனகல் தேய்ந்தது. தேயத் தேய, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திரையில் அம்புக்குறிகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. முடிந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டிவிட்டார்கள். அறிவிப்பாளர் மேடைக்கு வந்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். குணா அண்ணன் சுதாரித்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேளத்தை மறுபடி எடுத்து, எப்படியோ ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். வானம் இடிந்து விழுந்தாலும் அவர் மேளம் நடுவில் நின்றதில்லையாம். தேர் சாய்ந்தபோதுகூட வாசித்திருக்கிறாராம். "என் பசங்க முன்னாடி நான் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடுச்சு தேவி. இனிமே ஒன் பெட்டியோட நான் வரல லா" என்றார்.

ஏன் பயம்?

கணினி என்றால் பட்டனைத் தட்டினால் பாடும்தானே, அதில் என்ன பயம் என்று சித்தியவானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பதிவு செய்த பாட்டைப் போடுவது வேறு. அங்கே எல்லாம் முன்பே தயார். மேடையில் கணினி சத்தத்தை அந்தந்தக் கணத்தில் செய்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் தே ஆற்றுகிறவரைப் பாருங்கள். மேல் குவளையிலிருந்து கீழ்க் குவளைக்கு ஒரே கயிறாக இறங்க வேண்டும். நடுவில் யாராவது முழங்கையை இடித்தால் மேசையெல்லாம் தேநீர். கணினியை இடிக்கிறவர்கள் நிறையப் பேர். புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று ஒரு செய்தி, வைஃபை தேடல், தூங்கப் போகிற திரை, சூடு. ஒரு கணம் பிந்தினால் ஒலிபெருக்கியில் 'டொப்'. நிறையப் பிந்தினால் மௌனம்.

மேடையில் வருகிற அந்த மௌனம் மாதிரி நீளமான ஒன்றை நான் அறிந்ததில்லை.

அடுப்பு அறை

நான் இசைக் கல்லூரிக்குப் போனவள் இல்லை. பள்ளி முடித்ததும் எலக்ட்ரானிக் சிப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, இளமையில் பாதியை அங்கே கழித்தேன். நான் இருந்த பகுதிக்கு வேலை என்னவென்றால், செய்து முடித்த சிப்களைப் பலகையில் செருகி, பெரிய அடுப்புக்குள் வைத்து, மின்சாரமும் கொடுத்து வாட்டுவது. சாகிறது எல்லாம் அங்கேயே செத்துவிட வேண்டும். பிழைத்து வருவதுதான் வாடிக்கையாளருக்குப் போகும்.

வேலை அலுப்பானது. ஆனால் அது என் ரத்தத்தில் ஊறிப்போன ஒன்றைக் கொடுத்தது. ஒரு பொருள் வேலை செய்கிறது என்றால் நம்பக் கூடாது. எவ்வளவு வாட்டினால் செத்துப்போகிறது என்று பார்த்தபிறகுதான் நம்ப வேண்டும்.

மண்டபத்தில் நடந்ததற்குப் பிறகு என் நிரலை அடுப்பில் வைத்தேன். நிஜமாகவே சமையலறையில்தான். புந்தோங்கில் எங்கள் வீட்டில் ஆக வெப்பமான இடம் குளிர்ப்பெட்டிக்கு மேலே, கூரைக்குக் கீழே. மடிக்கணினியை அங்கே ஏற்றிவிட்டு, பதிவு செய்த உறுமியை அதற்குள் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன். காலை, மாலை, சமைக்கும்போது, துணி துவைக்கும்போது. இயந்திரம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற ஒரு பச்சைக் கோடு திரை ஓரத்தில் இருக்கும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்ப்பேன்.

மேளம் உச்சத்தில் இருக்கும்போது கோடு ஏறும் என்று எதிர்பார்த்தேன். ஏறவில்லை. எல்லாம் ஓய்ந்து, சத்தம் காதுக்கே எட்டாமல் தேய்கிற இடத்தில் விருட்டென்று ஏறியது. பச்சை போய்ச் சிவப்பாயிற்று.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் ஏறி நின்றேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அதே இடம்.

கூச்சலையெல்லாம் அது சுலபமாகத் தாங்கியது. மௌனத்தை நெருங்கும்போதுதான் அதற்கு மூச்சுத் திணறியது.

காரணத்தைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சத்தம் என்பது கணினிக்குள் எண்தான். எதிரொலி தேயத் தேய எண் சிறிதாகும். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. சுழியம் ஆகவே ஆகாது. தூசியிலும் தூசியாகப் போன அந்த எண்களைக் கூட்டிக் கழிக்கப் பழைய இயந்திரம் படாத பாடு படும். யானையைத் தூக்குகிறவனிடம் ஒரு மணல் துகளைப் பிளக்கச் சொன்ன மாதிரி.

மருந்து சின்னதுதான். காதுக்குக் கேட்கவே கேட்காத ஓர் இரைச்சலை எப்போதும் உள்ளே கலந்துவைக்க வேண்டும். எண் தூசியாகி விழாமல் அது தாங்கிக்கொள்ளும். ஒரே வரி. சேர்த்தேன். முனகல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. கோடு பச்சையிலேயே படுத்துக்கிடந்தது.

சந்தோஷம் தாங்காமல் ஃபரிதாவை அழைத்தேன். ஃபரிதாவும் நானும் பள்ளித் தோழிகள். மின்னியல் படித்து, கச்சேரிகளுக்கு ஒலியமைப்பு செய்கிறவள். பகலில் பழைய டவுனில் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடையையும் பார்த்துக்கொள்கிறாள். நான் மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ரொம்ப சந்தோஷம் தேவி, இப்ப மீன் தலைக் கறிக்கு ஆள் நிக்கிறாங்க, வச்சிடவா என்றாள்.

நிபந்தனை

அந்தச் சமயத்தில்தான் ஒரு சிறிய கலைக்குழுவிலிருந்து அழைப்பு வந்தது. கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வெகு காலம். ரப்பர் ஷீட்டைக் கம்பங்களில் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடம் ஒன்று மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. அந்தப் புகைவீட்டில் ஒரு மாதத்துக்கு ஒலி நிறுவல் வைக்க வேண்டும். தொடக்க நாளில் நேரடி நிகழ்ச்சி. அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள் இல்லை. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நான் உருகி எழுதினால் அதில் பாதி பொய்யாக இருக்கும். என்னை இழுத்தது அந்தக் கட்டடம். உள்ளே போய் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். செங்கல் சுவர், உயரமான தகரக் கூரை, கரி படிந்த மரச் சட்டங்கள். சத்தம் மேலே போய், யோசித்துவிட்டு, கறுத்த குரலில் இறங்கி வந்தது. உறுமிக்கென்றே கட்டின மாதிரி இருந்தது.

குணா அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோளாறு என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். லாரியில் பிரேக் போய் ஒருமுறை சரிசெய்தார்களாம், அடுத்த மாதம் கிளட்ச் போயிற்றாம். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தால் இன்னொரு நோய் வராதா என்று கேட்டார். நான் கிளம்ப எழுந்தேன்.

வாசல் வரைக்கும் வந்தவர் அங்கே நின்று சொன்னார்: "ஒத்திகைக்கு வாரேன். ஆனா நான் எப்ப வேணா, எந்த வயர வேணா புடுங்குவேன். கேக்க மாட்டேன். பாட்டு நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா நான் இல்ல."

நான் சரி என்றேன். பிறகு நடந்ததுதான் நீங்கள் ஆரம்பத்தில் படித்தது. ஃபரிதாவின் கடைக்கு மேல்மாடியில், முதல் ஒத்திகையிலேயே, கால் விரலால்.

இரண்டு தேவிகள்

அன்று மாலை அந்த மாடியில் ஃபரிதாவும் நானும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பிறகு அவள்தான் கேட்டாள். ஒரு பாடகிக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வார்கள்? பக்கத்தில் இன்னொரு பாடகி அதே பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். இவள் வாய் நின்ற கணத்தில் அவள் வாய் திறக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். இரண்டு கணினிகள், அவற்றின் சத்தத்தை ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப இரண்டு ஒலிப்பெட்டிகள். உறுமியின் மைக் இரண்டுக்கும் போகும். இரண்டும் ஒரே நிரலை ஒரே நேரத்தில் ஓட்டும். என் கால்மிதி ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகச் சொன்னால் இரண்டும் சேர்ந்து நகரும். முதல் கணினி இடைவிடாமல் "இருக்கேன், இருக்கேன்" என்று ஒரு சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அது நின்றால் நடுவிலுள்ள ஒரு சின்னப் பெட்டி இரண்டாவதைத் திறந்துவிடும். செத்த கணினி தானே எழுந்து, தானே நிரலைத் திறந்து, மறுபடி வரிசையில் வந்து நிற்கும். ஃபரிதா முதல் கணினிக்குத் தேவி என்றும் இரண்டாவதுக்குச் சின்ன தேவி என்றும் பெயர் வைத்தாள்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. சின்ன தேவி முதலில் ரொம்ப அவசரக்காரியாக இருந்தாள். அக்காள் மூச்சு இழுத்தாலே செத்துவிட்டாள் என்று நினைத்து வாயைத் திறந்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் எல்லாம் குளறுபடி. அவளுக்குப் பொறுமை கற்றுத்தரவே வாரக்கணக்கில் ஆயிற்று. ஒலிகளையெல்லாம் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றினேன். வைஃபையை அடைத்தேன். புதுப்பிப்புகளுக்குத் தடை போட்டேன். வேறு எந்த வேலைக்கும் அந்தக் கணினிகளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அப்படியும் மதியம் ஆனால் ஒலிபெருக்கிகளில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. நிரலில் எங்கெங்கோ தேடினேன். கடைசியில் பார்த்தால் கீழே மசாலா அரைக்கிற நேரம். அரைக்கும் இயந்திரமும் என் ஒலிப்பெட்டியும் ஒரே மின்வழியில் இருந்தன. ஃபரிதா தன் கடைச் சுவரைத் தானே கொத்தித் தனி வழி இழுத்தாள். அவள் அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது சோதனை

குணா அண்ணன் மறுபடி வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபரிதா என்ன சொன்னாளோ, ஒரு சனிக்கிழமை காலை உறுமியோடு படியேறி வந்தார்.

வாசித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கால்களையே பார்த்தேன். கால்கள் நகரவில்லை. முதல் பகுதி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. எல்லாப் பகுதிகளும் முடிந்தன. எதையும் பிடுங்கவில்லை.

சாப்பிடப் போகலாம் என்றார். இறங்கினோம், சாப்பிட்டோம். மேலே நிரல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவித் திரும்பி வந்தவர், லூமுட் படகுத்துறையில் நெத்திலி விலை ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டே மேசைக்குப் பின்னால் போய், கையை நீட்டி, முதல் ஒலிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

சத்தம் அசங்கவில்லை. அறையைச் சுற்றிக்கொண்டிருந்த முனகல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் பேச்சை நிறுத்தினார். வயரின் நுனியைப் பார்த்தார். திரும்பச் செருகினார். சின்ன தேவி பாடிக்கொண்டிருக்க, தேவி எழுந்து வரிசையில் வந்து நின்றாள். அவள் தயாரானதும் இந்த முறை சின்ன தேவியின் வயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்று கிடைத்தது.

"அண்ணே, அது காத்தாடி வயரு" என்றாள் ஃபரிதா.

அவர் நிமிர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, ஓடிக்கொண்டிருந்த ஒலியைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உறுமியை எடுத்து மாட்டிக்கொண்டு, அதனோடு சேர்ந்து தேய்க்க ஆரம்பித்தார். நான் கேட்காமலேயே. ஒத்திகை அப்போதுதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

புகைவீட்டு மழை

தொடக்க நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். செம்பனைகளுக்கு நடுவில் பேருந்துகளும் கார்களும் வந்து நின்றன. வந்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டார்கள். புகைவீட்டுக்குள் இடம் போதாமல் கதவுக்கு வெளியே கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே வெக்கை. என் சமையலறைக் கூரைக்கடி வெக்கை அதற்கு முன்னால் குழந்தை.

மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து. ஃபரிதா அதை நம்பவில்லை. ஒலிபெருக்கிகளுக்கும் கணினிகளுக்கும் பெரிய மின்கலங்களைத் தனியாகக் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள். விளக்குகளுக்கு மட்டும்தான் ஜெனரேட்டரை விட்டுவைத்தாள்.

குணா அண்ணன் குழு ஆரம்பித்தபோது வானம் இருட்டியிருந்தது. இரண்டாவது பகுதியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, தூறலெல்லாம் கிடையாது. தகரக் கூரை முழுக்க ஒரே முழக்கம். மேளக்காரர்கள் அதற்கு மேல் அடித்தார்கள். அப்போது இடி விழுந்தது. ஜெனரேட்டர் நின்றது. எல்லா விளக்குகளும் அணைந்தன.

கதவு வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் குணா அண்ணனின் கோட்டுருவம் மட்டும் தெரிந்தது. அவர் கை நிற்கவில்லை. ஒலிபெருக்கிகளும் நிற்கவில்லை. கூட்டத்தில் யாரோ "அம்மாடி" என்றது கேட்டது.

அந்த இருட்டில் என் முகத்துக்கு எதிரே இரண்டு திரைகள் வெளிச்சமாக இருந்தன. இடதுபக்கத் திரையில் அலைகள் நின்றுபோயிருந்தன. அம்புக்குறி உறைந்து கிடந்தது. வெக்கையோ, இடியோ, தெரியவில்லை. தேவி செத்துவிட்டாள், இந்த முறை தானாக எழுந்து வரவும் இல்லை.

எப்போது செத்தாள் என்று எனக்கே தெரியவில்லை. காதில் எந்த மாற்றமும் இல்லை. வலதுபக்கத் திரையில் சின்ன தேவி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தாள். தொட வேண்டும் போல் இருந்தது. தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். கால்மிதியை மட்டும் அழுத்தினேன்.

மேளம் உச்சத்துக்குப் போய் வெட்டி நின்றது. மண்டபத்தில் எல்லாம் நாசமான அதே இடம். முனகல் தேய ஆரம்பித்தது. குணா அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஃபரிதா என் தோளைப் பிடித்தாள். சத்தம் சிறுத்து, மேலே ஏறி, கரி படிந்த சட்டங்களுக்குள் போய், கடைசியில் மழை மட்டும் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரும் இருமவில்லை. அவ்வளவு பேரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மழைக்கு அடியிலிருந்து அது திரும்பி வந்தது. முதலில் தரையில் அதிர்வாக, அப்புறம் சுவரில், அப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும். அதன் மேல் குணா அண்ணன் குச்சியை வைத்தார். குழு முழுக்கச் சேர்ந்துகொண்டது. நடுவில் நின்றிருந்த ஒரு பெரியம்மா கைகளை உயர்த்தி ஆட ஆரம்பித்தார். அவருக்காக எல்லாரும் இடம் விட்டார்கள். பிறகு அவர்களும் ஆடினார்கள்.

முடிந்தபோது எழுந்த சத்தத்தில் மழை தோற்றுப்போனது. நான் அழுதேனா என்று ஃபரிதாவைக் கேட்டால் ஆமாம் என்பாள். அவளும்தான்.

ஏற்பாட்டாளர்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த இடத்தில் விளக்கை அணைத்தது அருமையான யோசனை என்றார்கள். நான் நன்றி சொன்னேன்.

குணா அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். உறைந்துகிடந்த திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப செத்துச்சு?"

"தெரியாதுண்ணே. இடி விழுந்தப்ப இருக்கலாம்."

"எனக்குத் தெரியவே இல்லயே" என்றார். அவர் குழுப் பையன்களைக் கூப்பிட்டு, அந்தத் திரையைக் காட்டி, தானே எல்லாவற்றையும் அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். பாதி தப்பாகத்தான் சொன்னார். நான் திருத்தவில்லை.

ஒரு மாதம்

அதன்பின் புகைவீட்டில் நிறுவல் தனியாக ஓடியது. நேரடியாக வாசிக்க யாரும் இல்லாதபோது, பதிவான உறுமியையும் கூரையில் விழுகிற மழையையும் கலந்து, ஒருமுறை வந்தது மறுமுறை வராமல் அது தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். காவலாளி காலையில் கதவைத் திறப்பார், மாலையில் பூட்டுவார். என்னை யாரும் ஒருமுறைகூட அவசரமாகக் கூப்பிடவில்லை. அந்த மாதம் எனக்கு வந்த அழைப்பெல்லாம் அங்கே போக வழி எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதாகவே இருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். புதுமணத் தம்பதி படம் எடுக்க வந்து, எடுக்க மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் வேலை செய்கிற ஒரு தாதியர், லிங்கம் என்று பெயர், ஓய்வு நாளிலெல்லாம் வந்தார். வருவார், பெஞ்சில் படுப்பார், தூங்கிவிடுவார். வார்டு வேலைக்குப் பிறகு வீட்டில் தூக்கம் பிடிப்பதில்லையாம், இங்கே பிடிக்கிறதாம். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

கடைசி நாள் நாங்கள் கழற்ற வந்தோம். குணா அண்ணன் ஒலிபெருக்கிகளை ஏற்ற யாரிடமோ சின்ன லாரி வாங்கி வந்திருந்தார். உள்ளே லிங்கம் பெஞ்சில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

நான் மேசைக்குப் போய் நிரலை நிறுத்தினேன். அது நின்றது. சின்ன தேவி உடனே பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளையும் நிறுத்தினேன். அதற்குள் தேவி எழுந்து வந்துவிட்டாள். தேவியை அணைத்தேன். சின்னவள் எழுந்தாள். எப்படிச் செத்தாலும் எழுந்து வர வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதிய நான், வேண்டுமென்றே நிறுத்துவதற்கு ஒரு வழி எழுதவே இல்லை.

ஃபரிதா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கினாள். லிங்கம் புரண்டுகூடப் படுக்கவில்லை.

குணா அண்ணன் என் காதருகே வந்து, "நீயே நிறுத்தணும்னாலும் நிக்காதா?" என்று கேட்டார்.

நிற்காது என்றேன்.

அவர் கயிற்றுச் சுருளை மேசை மேல் வைத்தார். "அப்ப விடு. அவரு எந்திரிக்கட்டும்" என்றார்.

வெளியே வந்து லாரி நிழலில் உட்கார்ந்தோம். ஃபரிதா கடையிலிருந்து பொங்குஸ் பொட்டலமாகக் கட்டி வந்த பரோட்டாவைப் பிரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.